கல்வியைத் தவமாகக் கொண்ட தலைமையாசிரியை

ஓர் ஆசிரியரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? அவர் வகித்த பதவியைக் கொண்டா, பெற்ற பட்டங்களைக் கொண்டா, அவரிடம் பயின்று உயர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டா? இவையெல்லாம் வெளியே தெரியும் அளவுகோல்கள். இவற்றுக்கு அப்பால் இன்னோர் அளவுகோல் உண்டு. பதவியில் இருக்கும்போது நற்பணி செய்வது பலருக்கும் இயல்வதே. அந்தப் பதவி அநியாயமாகப் பறிக்கப்பட்ட பின்னர், தாம் தலைமை தாங்கிய அதே இடத்துக்குச் சாதாரண ஆசிரியராகத் திரும்பி வந்து, முன்பு செய்த பணியை முன்னிலும் ஊக்கத்துடன் தொடர்வது மிகச் சிலருக்கே இயலும்.

அத்தகைய ஒருவர் அன்னா ஜூலியா கூப்பர் அம்மையார். அமெரிக்க நாட்டில் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்து, தலைநகரின் பொதுப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக உயர்ந்து, தம் சமூகத்தின் வழிகாட்டியாக விளங்கி, 105 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பயின்றால், கடமை, பொறுமை, நிமிர்ந்த நெஞ்சம் ஆகியவற்றைப் பற்றிப் பல தெளிவுகள் நமக்குக் கிடைக்கும்.

தாய்க்கு எழுத்துக் கற்பித்த மகள்

1858-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தின் ராலி நகரில் அன்னா பிறந்தார். தாயார் ஹன்னா ஸ்டான்லி ஹேவுட் ஓர் அடிமைப் பெண். தந்தை, தாயாரை உடைமையாக வைத்திருந்த வெள்ளைக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதே அன்னாவின் கருத்து. தாயார் அதைப் பற்றி ஒருபோதும் வாய் திறந்ததில்லை. அன்று அந்நாட்டின் தென்பகுதியில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதே பல மாநிலங்களில் சட்ட விரோதம். வட கரோலினாவும் அவற்றுள் ஒன்று. உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து, அடிமை முறை ஒழிந்தபோது அன்னாவுக்கு வயது ஏழு கூட நிறைந்திருக்கவில்லை.

விடுதலை பெற்ற மக்களுக்காக ராலி நகரில் செயின்ட் அகஸ்டின் பள்ளி தொடங்கப்பட்டது. 1868-இல் அதன் தொடக்க கால மாணவர்களுள் ஒருவராக அன்னா சேர்ந்தார். சிறிய உதவித் தொகையும் கிடைத்தது. மிகச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, தம்மைவிட இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

தாயார் ஹன்னா முறையாகப் பள்ளி சென்றவர் அல்லர். தட்டுத் தடுமாறி விவிலியம் படிப்பார், சிறிது எழுதுவார். ஒன்றையொன்று ஒத்திருக்கும் ஆங்கில எழுத்துகளுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டைத் தாய்க்கு விளக்கிச் சொன்ன பொழுதுகளையே தம் குழந்தைப் பருவத்தின் மிக இனிய நினைவுகளுள் ஒன்றாக அன்னா முதுமையில் குறித்து வைத்தார். தாம் அறிந்த பெண்களுள் தலைசிறந்தவர் தம் தாயே என்பதும் அவர் எண்ணம். அவருடைய முதல் மாணவி அவருடைய தாய் என்றே நாம் சொல்லலாம். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்டுரையின் இறுதியில் மீண்டும் இங்கே வருவோம்.

கிரேக்க வகுப்பின் கதவு

செயின்ட் அகஸ்டின் பள்ளியில் கிரேக்க மொழி வகுப்பு ஒன்று தொடங்கப்பட்டது. சமயப் பணிக்குச் செல்லவிருக்கும் ஆண் மாணவர்களுக்காகவே அது ஏற்பட்டது. தாமும் அதில் சேர வேண்டும் என்று அன்னா கேட்டார். பெண்ணுக்கு அது தேவையில்லை என்பது அன்றைய பொதுக் கருத்து. அவர் விடாமல் கேட்டு, இடம் பெற்றார். படிப்பில் ஆர்வம் குறைந்த ஓர் ஆண் பிள்ளைக்குக்கூட ஊக்கமும் உதவியும் தாமாக வந்து சேர்கின்றன. தாகத்தோடு நிற்கும் ஒரு பெண் பிள்ளையோ தானே முட்டிமோதி வழி காண வேண்டியிருக்கிறது என்ற உண்மையை அவர் அங்குதான் கண்டார். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் இந்த அனுபவமே வித்து.

அதே காலத்தில், 1873-இல், நம் நாட்டில் மகாத்மா ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்னும் மராத்தி நூலை எழுதி, அடிமை முறையை ஒழிப்பதற்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைச் சமர்ப்பணம் செய்தார். கடல் கடந்து இரு நாடுகளிலும் ஒரே கேள்வி எழுந்துகொண்டிருந்தது: அறிவு யாருக்கு உரியது?

1877-இல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து இறையியல் பயின்ற ஜார்ஜ் கூப்பர் என்பவரை அன்னா மணந்தார். இரண்டே ஆண்டுகளில், 1879-இல், கணவர் இறந்தார். இருபத்தொரு வயதில் கைம்மை. அவர் மீண்டும் மணம் செய்துகொள்ளவில்லை. துயரத்தைக் கல்வியில் கரைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

1881-இல் ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்தார். 1830-களிலேயே கறுப்பின மாணவர்களுக்கும் பெண்களுக்கும் கதவு திறந்த கல்லூரி அது. எனினும் அங்கே பெண்களுக்கென ஓர் எளிய பாடத்திட்டமும், ஆண்களுக்கெனக் கிரேக்கம், இலத்தீன், உயர்கணிதம் அடங்கிய நான்காண்டுப் பாடத்திட்டமும் இருந்தன. அன்னா இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார். 1884-இல் இளங்கலைப் பட்டமும், 1887-இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

தலைநகரில் ஒரு பள்ளி

1887-இல் அவர் வாஷிங்டன் நகருக்கு ஆசிரியையாக வந்தார். அங்கு 1870-இல் தொடங்கப்பட்ட பள்ளி, கறுப்பின மாணவர்களுக்காக அமெரிக்காவில் ஏற்பட்ட முதல் பொது உயர்நிலைப் பள்ளி எனக் கருதப்படுகிறது. 1891-இல் அது எம் தெருவில் எழுந்த புதிய கட்டடத்துக்கு மாறியது. அன்றுமுதல் 'எம் தெரு உயர்நிலைப் பள்ளி' என்றே அழைக்கப்பட்டது.

அந்தப் பள்ளியின் தனித்தன்மையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். வாஷிங்டனில் அன்று வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள். மிக உயர்ந்த கல்வி பெற்ற கறுப்பினப் பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகங்களிலும் பிற அலுவலகங்களிலும் பெரும்பாலும் இடமில்லை. கதவுகள் யாவும் அடைக்கப்பட்டிருந்ததால், நாட்டின் சிறந்த கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்கள் இந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்களாக வந்து சேர்ந்தார்கள். அநீதியின் விளைவாகவே அங்கு அறிவாளர்கள் ஒன்றுகூடினார்கள். அவர்கள் தம் தலைவிதியை நொந்துகொண்டு காலம் கழித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தமக்கு மறுக்கப்பட்டவை தம் மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று உழைத்தார்கள்.

கூப்பர் அம்மையார் முதலில் கணிதமும் அறிவியலும் கற்பித்தார். பின்னர் இலத்தீன் மொழியே அவருக்குரிய பாடமாயிற்று.

பள்ளிச் சுவருக்கு வெளியே

நல்லாசிரியரின் பணி மணி அடித்தவுடன் முடிவதில்லை. மாணவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார், எந்தத் தெருவில் வாழ்கிறார், அங்கே அவருக்கு என்ன குறை என்பதையெல்லாம் அறியாமல் கற்பிக்கும் பாடம் பாதிப் பாடமே. அம்மையார் இதை நன்கு உணர்ந்திருந்தார்.

1892-இல் வாஷிங்டனில் கறுப்பினப் பெண்கள் சங்கம் உருவாயிற்று. அதன் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். வேலை தேடி நகருக்கு வரும் இளம் பெண்களுக்குப் பாதுகாப்பான உறைவிடமும், ஏழைக் குடும்பங்களுக்கு உதவியும், குழந்தைகளுக்குப் பராமரிப்பும் அளிக்கும் அமைப்புகள் தோன்றவும் வளரவும் அவர் துணை நின்றார்.

அதே 1892-இல் அவருடைய 'தெற்கிலிருந்து ஒரு குரல்' என்னும் கட்டுரை நூல் வெளிவந்தது. ஒரு சமுதாயம் எவ்வளவு உயர்ந்தது என்பதை, அதன் தலைவர்கள் எட்டிய உயரத்தைக் கொண்டு அளக்கலாகாது. அதன் பெண்கள், குறிப்பாக மிகவும் ஒடுக்கப்பட்ட பெண்கள், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதே அந்நூலின் உட்பொருள்.

1893-ஆம் ஆண்டு மே மாதம் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த பெண்கள் மாநாட்டில் பேசிய மிகச் சில கறுப்பினப் பெண்களுள் அவரும் ஒருவர். அடிமைக் காலத்தில் தம் பெண் மக்களின் மானத்தைக் காக்கத் தாய்மார்கள் நடத்திய, எவரும் எழுதி வைக்காத போராட்டத்தைப் பற்றி அவர் அந்த அவையில் எடுத்துரைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அதே கண்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வமத மகாசபையை நம் நாட்டினர் அனைவரும் அறிவர். நான்கு மாத இடைவெளியில், ஒரே நகரில், உலகம் கேட்டுப் பழகியிராத குரல்கள் ஒலித்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1900-இல் லண்டனில் நடைபெற்ற முதல் அகில ஆப்பிரிக்க மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டு உரையாற்றினார்.

தலைமைப் பொறுப்பு

1902-ஆம் ஆண்டு கூப்பர் அம்மையார் எம் தெருப் பள்ளியின் தலைமையாசிரியை ஆனார். அப்போது நாடெங்கும் ஒரு பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. விடுதலை பெற்ற மக்களுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதே அது. டஸ்கீகியில் பெரும் கல்வி நிலையம் நடத்திவந்த புக்கர் டி. வாஷிங்டன், முதலில் கைத்தொழிலும் உழவும் கற்று மக்கள் தம் காலில் நிற்கட்டும் என்றார். அறிஞர் டூ போய்ஸ், உயர்கல்வி பெற்ற தலைவர்கள் உருவாகாமல் ஓர் இனம் உயர முடியாது என்றார்.

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. கூப்பர் அம்மையாரும் கைத்தொழிலை இகழ்ந்தவர் அல்லர். ஆனால் ஒன்றில் அவர் உறுதியாக நின்றார். ஒரு குழந்தைக்கு எந்தக் கல்வி ஏற்றது என்பதை அக்குழந்தையின் ஆற்றலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தோலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாகாது. தச்சுத் தொழிலை விரும்பும் பிள்ளைக்குத் தச்சு. கணிதத்தில் ஒளிரும் பிள்ளைக்குக் கணிதம். உனக்கு இவ்வளவு போதும் என்று பிறர் கோடு கிழிப்பதை அவர் ஏற்கவில்லை.

ஆகவே தம் பள்ளியில் இலத்தீன், கிரேக்கம், உயர்கணிதம், அறிவியல், நவீன மொழிகள் அடங்கிய பாடத்திட்டத்தை அவர் விட்டுக்கொடுக்காமல் காத்தார். பெரிய கல்லூரிகள் எத்தகைய நுழைவுத் தகுதியை எதிர்பார்க்கின்றனவோ அதற்கேற்ப மாணவர்களைத் தயார் செய்தார். அவர் தலைமையில் பயின்ற மாணவர்கள் ஹார்வர்டு, பிரவுன், ஓபர்லின் முதலிய புகழ்பெற்ற கல்வி நிலையங்களில் இடம் பெற்றார்கள். அவர்களுடைய பெற்றோரில் பலர், அல்லது தாத்தா பாட்டிமார், அடிமைகளாய்ப் பிறந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தச் சாதனையின் அளவு விளங்கும்.

1903-இல் பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் ஃபெலிக்ஸ் க்ளைன் அப்பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியையே இலத்தீன் வகுப்பு நடத்துவதையும், மாணவர்கள் வர்ஜிலின் காவியத்தைத் தேர்ச்சியுடன் பயில்வதையும் நேரில் கண்டு வியந்து, தம் பயண நூலில் பாராட்டி எழுதினார். நிர்வாகப் பொறுப்பு வந்த பின்னரும் அம்மையார் வகுப்பறையைத் துறக்கவில்லை என்பது இதனால் தெரிகிறது.

சோதனை

உயர்ந்து நிற்கும் மரத்தின்மீதுதான் காற்று மோதும். 1904, 1905-ஆம் ஆண்டுகளில் அம்மையாருக்கு எதிராகக் கல்வி நிர்வாகத்தில் குற்றச்சாட்டுகள் எழுந்தன. நகரின் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் அவற்றை முன்வைத்தார். அங்கீகரிக்கப்பட்ட பாடநூலை அவர் பயன்படுத்தவில்லை. மாணவரிடையே ஒழுங்கு குறைந்துவிட்டது. தகுதி குறைந்த மாணவர்களிடம் அளவுக்கு மீறி இரக்கம் காட்டி அவர்களைப் பள்ளியில் வைத்திருக்கிறார். ஆசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை. இவைபோல ஒரு பட்டியல் நீண்டது. அவருடைய பாதுகாப்பில் வளர்ந்து, அதே பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய ஓர் இளைஞரோடு அவர் பெயரை இணைத்து அவதூறும் பரப்பப்பட்டது. கைம்பெண் ஒருவர் தலைநிமிர்ந்து நின்றால் உலகம் எய்யும் பழைய அம்பு அது.

இந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. பாடத்திட்டத்தைத் தாழ்த்த மாட்டேன் என்றவரும் அவரே; பின்தங்கிய மாணவரை வெளியே தள்ள மாட்டேன் என்றவரும் அவரே. நிர்வாகத்தின் கண்ணுக்கு இவை இரண்டும் முரண்பாடாகத் தோன்றின. ஆனால் நல்லாசிரியரின் தர்மம் இந்த இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்வதில்தான் இருக்கிறது. உயரத்தைக் குறைத்து எல்லோரையும் ஏற்றிவிடுவது எளிது. உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஏற முடிந்தவர்களை மட்டும் ஏற்றுவதும் எளிது. உயரத்தையும் குறைக்காமல், கீழே நிற்பவரின் கையையும் விடாமல் இருப்பதே கடினம்.

அம்மையார் மௌனமாக இருந்துவிடவில்லை. விசாரணையில் தம் தரப்பை எடுத்துரைத்தார். ஊர் மக்களும் முன்னாள் மாணவர்களும் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். எனினும் 1906-இல் அவர் மறுநியமனம் செய்யப்படவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் உழைத்த பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் மிசூரி மாநிலத்தின் ஜெஃபர்சன் நகருக்குச் சென்று, லிங்கன் கல்வி நிலையத்தில் நான்கு ஆண்டுகள் மொழியாசிரியையாகப் பணியாற்றினார்.

மீண்டும் அதே பள்ளியில்

1910-இல் வாஷிங்டனின் கல்வி நிர்வாகம் மாறியிருந்தது. புதிய கண்காணிப்பாளர் அவரை மீண்டும் அழைத்தார். ஆனால் தலைமையாசிரியையாக அல்ல, இலத்தீன் ஆசிரியையாக.

அப்போது அவருக்கு வயது 52. தாம் அமர்ந்திருந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருக்க, தாம் வகுத்த ஒழுங்குகளைப் பிறர் நடத்த, தாம் மேற்பார்வை செய்த ஆசிரியர்களோடு ஒருவராக நின்று பணியாற்ற வேண்டும். தன்மானம் உள்ளவர் இதற்கு ஒப்புவாரா என்று நமக்குத் தோன்றும். கூப்பர் அம்மையார் திரும்பி வந்தார். இருபது ஆண்டுகள், 1930 வரை, அங்கே இலத்தீன் கற்பித்தார்.

இதைப் பணிந்து போனதாக நாம் பொருள் கொள்ளலாகாது. தமக்கு நேர்ந்தது அநீதி என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த அநீதிக்குப் பள்ளி மாணவர்கள் காரணமல்லர். அதிகாரிகள்மீது உள்ள வருத்தத்துக்காக மாணவர்களைத் துறப்பது எப்படித் தகும்? பதவியை இழந்தவர் எதை இழக்கிறார், எதை இழப்பதில்லை என்பதை இந்த ஒரு செயல் தெளிவாக்குகிறது. தலைமையாசிரியை என்ற பெயரைப் பிறர் தந்தார்கள், பிறரே எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியை என்ற தன்மையை எவரும் தரவில்லை. ஆகவே எவராலும் எடுக்க முடியவில்லை.

1916-இல் அப்பள்ளி புதிய கட்டடம் பெற்று, கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் பெயரால் டன்பார் உயர்நிலைப் பள்ளி ஆயிற்று. அம்மையார் அங்கு கற்பித்துவந்த காலத்தில் அப்பள்ளியில் பயின்றவர்களைப் பாருங்கள். இரத்த வங்கி முறையை வளர்த்த மருத்துவர் சார்லஸ் ட்ரூ. அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான வில்லியம் ஹேஸ்டி. 1966-இல் அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் வீவர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் உழைத்து, சட்ட வழியை வகுத்துத் தந்த சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் 1911-இல் அப்பள்ளியிலிருந்து வெளிவந்தவரே.

ஐந்து குழந்தைகளும் ஓர் ஆராய்ச்சியும்

1911 முதல் கோடை விடுமுறைகளில் அம்மையார் பாரிஸ் சென்று பிரெஞ்சு மொழியையும் இலக்கியத்தையும் பயின்றுவந்தார். 1914-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான படிப்பைத் தொடங்கினார். மறு ஆண்டே பெரும் பொறுப்பு ஒன்று அவரைத் தேடி வந்தது. உறவில் பேரப் பிள்ளைகளான ஐந்து குழந்தைகள் தாயை இழந்து நின்றனர். மூத்த குழந்தைக்குப் பன்னிரண்டு வயது. கடைசிக் குழந்தை கைக்குழந்தை. 57 வயதில் அவர் அந்த ஐவரையும் தம் பிள்ளைகளாக ஏற்றார். அவர்களை வளர்ப்பதற்கென்றே வாஷிங்டனில் டி தெருவில் கடன்பட்டு ஒரு வீடு வாங்கினார்.

பகலில் பள்ளி, மாலையில் குழந்தைகள், இரவில் ஆராய்ச்சி என்று ஆண்டுகள் ஓடின. கொலம்பியாவில் தங்கிப் பயில வேண்டும் என்ற விதியை அவரால் நிறைவேற்ற முடியவில்லை. ஆகவே பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்குத் தம் ஆராய்ச்சியை மாற்றிக்கொண்டார். 1924-இல் பாரிஸ் ஆவணக் காப்பகங்களில் அவர் உழைத்துக்கொண்டிருந்தபோது, குறித்த நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்ற செய்தி வந்தது. ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திக் கடல் கடந்து ஓடி வந்து வகுப்பில் நின்றார். பாடமும் நின்றுவிடவில்லை, ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை.

1925 மார்ச் 23-ஆம் நாள் சோர்போனில் தம் ஆய்வேட்டை நிலைநாட்டி அவர் முனைவர் பட்டத்துக்கு உரியவரானார். அப்பட்டம் பெற்ற நான்காவது அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி அவர். ஆய்வின் பொருள் என்ன தெரியுமா? பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரான்ஸ் நாடு அடிமை முறையைப் பற்றிக் கொண்டிருந்த நிலைப்பாடு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய நாடு, தன் கரும்புத் தோட்டத் தீவுகளில் இருந்த அடிமைகளை எவ்வாறு நடத்தியது என்ற கேள்வியை, அந்நாட்டின் தலைநகரிலேயே, அந்நாட்டு மொழியிலேயே, ஓர் அடிமைப் பெண்ணின் மகள் எழுப்பினார். அப்போது அவருக்கு வயது 66.

இரவுப் பள்ளி

1930-இல் டன்பார் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவுக்கே. அதே ஆண்டு ஃப்ரீலிங்ஹைசன் பல்கலைக்கழகம் என்னும் நிறுவனத்தின் தலைவரானார். பெயர் பெரிது, நிலையோ எளியது. பகலெல்லாம் வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்யும் கறுப்பின மக்கள் இரவில் வந்து படிக்கும் இடம் அது. சொந்தக் கட்டடத்தைத் தக்கவைத்துக்கொள்ள நிறுவனத்தால் இயலாமற்போனபோது, அம்மையார் தம் வீட்டையே வகுப்பறைகளாக்கினார். பட்டம் வழங்கும் அங்கீகாரம் கிடைக்கவில்லை, நிறுவனம் சுருங்கியது. அதற்காக அவர் கதவை மூடிவிடவில்லை. தலைவர் என்ற பெயர் நீங்கி, பதிவாளராக இருந்து தம் தொண்ணூறாம் வயதையொட்டிய காலம் வரை அதை நடத்தினார்.

அங்கே எழுத்தறிவு குறைந்தவர்களுக்காக ஒரு தனிப் பிரிவை அவர் ஏற்படுத்தினார். அதற்கு அவர் இட்ட பெயர் ஹன்னா ஸ்டான்லி வாய்ப்புப் பள்ளி. எழுத்துகளின் வேறுபாட்டை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தத் தாயின் பெயர்! எங்கே தொடங்கினாரோ அங்கேயே வந்து சேர்ந்தார். சோர்போன் பல்கலைக்கழகத்தின் முனைவர், உழைத்துக் களைத்து வரும் ஒரு பணிப்பெண்ணுக்கு எழுத்துக் கற்பிப்பதைத் தம் நிலைக்குக் குறைவாக எண்ணவில்லை. அந்தப் பணிப்பெண்ணிடம் அவர் தம் தாயைக் கண்டார் என்று கொள்வதில் தவறில்லை.

1964 பிப்ரவரி 27-ஆம் நாள், 105-ஆம் வயதில், வாஷிங்டனில் அவர் மறைந்தார். ராலி நகரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1954-இன் தீர்ப்பையும், 1963-இல் வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் திரண்ட உரிமைப் பேரணியையும் காணும் வரை அவர் வாழ்ந்திருந்தார். அவர் மறைந்த சில மாதங்களில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. 2009-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தபால்தலையை வெளியிட்டது.

நமக்குரிய பாடங்கள்

முதலாவது, இரக்கம் என்பது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வதன்று. ஏழைப் பிள்ளைதானே, இவ்வளவு படித்தால் போதும் என்று நினைப்பது கருணை போலத் தோன்றும். உண்மையில் அது அவமதிப்பு. உன்னால் முடியும் என்று சொல்லி, முடியும்வரை உடன் நிற்பதே கருணை.

இரண்டாவது, பதவி வேறு, பணி வேறு. பதவியோடு தம்மை ஒன்றாக்கிக்கொண்டவர் அது போனவுடன் வெறுமையாகிறார். பணியோடு ஒன்றானவருக்கு நாற்காலி எதுவாயினும் ஒன்றே. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள், அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்பது அன்று. அம்மையார் தம் தரப்பைச் சொன்னார், போராடினார், தோற்றார். தோற்ற பின்னும் கசப்பைத் தம் மாணவர்கள்மீது கொட்டவில்லை. பற்றின்மை என்பதன் வாழும் உருவம் இது.

மூன்றாவது, பள்ளியும் சமூகமும் ஒன்றையொன்று தாங்குபவை. தெருவில் பாதுகாப்பு இல்லாத பெண் பள்ளியில் நன்றாகப் படிக்க இயலாது. இதை உணர்ந்ததால்தான் ஒரு தலைமையாசிரியை சமூகத் தலைவராகவும் ஆனார். அதற்காக அவர் தனியே ஒரு தலைமையைத் தேடிச் செல்லவில்லை.

நான்காவது, கற்பதற்கு வயது தடையன்று; குடும்பப் பொறுப்பும் தடையன்று. ஐந்து குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சியை முடித்தவரின் முன், நேரம் இல்லை என்று நாம் சொல்வதற்குத் தயங்க வேண்டும்.

சிந்தனைக்கு

படிப்பு வட்டங்களில் கூடிப் படிப்போர் கீழ்க்காணும் கேள்விகளைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளலாம்.

1. நம் பொறுப்பில் உள்ள ஒரு குழந்தையிடமோ ஊழியரிடமோ, அவருடைய பிறப்பையோ ஏழ்மையையோ எண்ணி, நாம் அறியாமலேயே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறோமா?

2. இன்று நம்மிடமுள்ள பதவி நாளை நீங்கினால், நம் பணியில் எந்தப் பகுதி நம்மோடு எஞ்சி நிற்கும்?

3. ஒருவர் நமக்கு இழைத்த அநீதிக்காக, அதில் தொடர்பே இல்லாத இன்னொருவரை நாம் எப்போதாவது தண்டித்திருக்கிறோமா?

4. நமக்கு எழுத்தறிவித்தவர் யார்? அவர் பெயரால் நாம் யாருக்கு எழுத்தறிவித்திருக்கிறோம்?

நான்காம் கேள்விக்கு விடை சொல்லப் பட்டமோ பதவியோ வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி தம் பெயரை எழுத விரும்பினால், மாலையில் கால் மணி நேரம் போதும். கூப்பர் அம்மையாரின் நீண்ட வாழ்வு அத்தகைய ஒரு கால் மணி நேரத்தில், தாயின் அருகில் அமர்ந்த ஒரு சிறுமியிடமிருந்துதான் தொடங்கிற்று.